நடுமணலில் ஜைத்தூன்

ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான். எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நடந்த அந்த விளையாட்டின் முதல் சட்டம் இது. செத்தவர் வேறு பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வரக்கூடாது, ஓரமாக உட்கார்ந்து வேடிக்கையும் பார்க்கக்கூடாது. என் வீட்டுக்காரரின் சிநேகிதர் இன்னாசிராஜ், காலேஜில் பாடம் நடத்துகிறவர், சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கிணற்றுப் பூதத்திடம் வாயைக் கொடுத்துச் செத்துப்போனார். அதற்கப்புறம் எங்கள் சந்து வழியாகப் போகும்போது சன்னலை ஒரு பார்வை பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார். காபி சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "செத்தவனுக்கு எதுக்குங்க காபி" என்பார்.

அது எண்பதுகளின் தொடக்கம். மெயின்கார்டு கேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். எதிர்வீட்டு குத்புதீன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, அங்கே யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போன அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். தாயக்கட்டை மாதிரி ஏதோ என்று நினைத்திருக்கிறார். திறந்து பார்த்தால் பல முகம் வைத்த பகடைகளும் தடிமனான ஒரு இங்கிலீஷ் புத்தகமும். காய் இல்லை, கட்டம் இல்லை. ஆளுக்கு ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பூதமும் அரக்கனும் மாயக்கோட்டையும் உள்ள ஓர் உலகத்தில், ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் 'என் ஆள் இப்படிச் செய்கிறாள், அப்படிப் போகிறாள்' என்று வாயாலேயே வாழ வேண்டும். ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் சவரிநாதன் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்தார். இரண்டு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழவில்லை. கதை நடத்துவது அவர் என்று ஆயிற்று.

குத்புதீன் லீவு முடிந்து துபாய்க்குப் போய்விட்டார். அவருடைய மனைவி வஹீதா விளையாட வந்தாள். ஸ்ரீரங்கத்தில் என்னோடு ஒரே ஸ்கூலில் டீச்சராக இருந்த ரங்கநாயகியும் வந்தாள். நான் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தேன். முப்பது வயசுக்கு மேல் பேய் பிசாசு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு எரிச்சல். இருந்தாலும் வீரி என்று ஒரு வாள்காரியை உண்டாக்கிக்கொண்டேன். ரங்கநாயகி ஒரு மந்திரவாதினி ஆனாள். வஹீதா தன் ஆளுக்கு ஜைத்தூன் என்று பேர் வைத்தாள். ஜைத்தூன் வழிகாட்டி. காடு, மலை, ஆறு எதுவானாலும் முன்னால் நடக்கிறவள் அவள்தான்.

சட்டங்களை எல்லாம் போட்டது வஹீதா. புத்தகத்தில், வெட்டுப்பட்டவன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் காயம் ஆறிவிடும்.

"அடுப்புல சுட்டுக்கிட்ட என் கை ஆற ஒரு மாசமாச்சு. அவனுக்கு மட்டும் எப்படிண்ணே ஒரே ராத்திரில ஆறும்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் உலகத்தில் காயங்கள் மெதுவாகத்தான் ஆறின.

அடுத்தது மூட்டைச் சட்டம். ஆட்டத்தில் ஒருத்தி எதைத் தூக்கிப் போவதாகச் சொன்னாலும் அதை நிஜமாகத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு சணல் மூட்டையில் கயிறு, இரும்புச் சங்கிலி, பானை எல்லாம் போட்டு வைத்தோம். புதிதாக ஆட்டத்துக்கு வருகிறவர் யாரானாலும் முதலில் மூட்டையைத் தூக்க வேண்டும். ரங்கநாயகி அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிவிட்டு, தன் மந்திரவாதினியின் சொத்தில் பாதியைக் காட்டில் வீசினாள். பசிச் சட்டமும் உண்டு, சாப்பிடாத ஆளுக்குத் தெம்பு இருக்காது. அரக்கர்கள் நடத்திய சத்திரத்தில் மாமிசம் தவிர வேறொன்றும் கிடையாது என்று கதை நடத்துபவர் சொன்னபோது, "அதெல்லாம் என்னால ஆகாது, நான் பட்டினியே கிடந்துக்கறேன்" என்று சொல்லி, வேண்டிய நேரத்தில் மந்திரம் போடத் தெம்பில்லாமல் எங்களை மாட்டிவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்திரத்தை விட்டு வெளியே வாள் வீசிக்கொண்டு ஓடினேன்.

எங்களை முழுசாக விழுங்கியது நடைச் சட்டம். விளையாடுகிறவள் நகராமல் அவள் ஆள் நகரமாட்டாள். அதற்காக என் வீட்டுக்காரர் அந்த உலகத்தின் வரைபடத்தைத் திருச்சிமேல் விரித்தார். மலைக்கோட்டை, பூத ராஜாவின் குன்று. காந்தி மார்க்கெட், எல்லா இனத்தாரும் வந்து கூடுகிற பெருஞ்சந்தை. காவிரி, பேராறு. பேராற்றில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிய வேண்டுமானால் அன்றைக்குக் காவிரியைப் போய்ப் பார்க்க வேண்டும். ஜைத்தூன் சந்தைக்குப் போனாள் என்றால் சனிக்கிழமை வஹீதா மூட்டையோடு மார்க்கெட் வரை நடந்து வந்திருக்க வேண்டும். துணைக்கு நான் போவேன். என் ஆள் அந்த இடத்தில் இல்லாவிட்டால், துணைக்குப் போகிற நான் மூட்டையைத் தொடக்கூடாது, யோசனை சொல்லக்கூடாது.

வஹீதா திருச்சிக்கு வாக்கப்பட்டு வந்து ஆறு வருஷம். எங்கள் சந்து, சின்னக்கடைத் தெரு, ஆஸ்பத்திரி, இவ்வளவுதான் அவள் பார்த்த ஊர். அவள் மாமியார் சுராயா கண்டிப்பானவர். "டீச்சர் கூடன்னா போயிட்டு வா" என்பதற்குமேல் எதுவும் சொன்னதில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தோளில் மூட்டையோடு வஹீதா மார்க்கெட்டுக்குள் முதல்முறை நுழைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சுமைகாரர்கள் கத்துகிற கத்தலும், மலைமலையாக வாழைத்தாரும், வெங்காய நெடியும் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டன. "நிஜமாவே எல்லா இனமும் இருக்குக்கா" என்றாள். இருபது வருஷமாகக் காய் வாங்கின அந்த இடத்தை அவள் கண்ணால்தான் நான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துப்போயிற்று. எரிச்சலெல்லாம் அன்றே போய்விட்டது.

இன்னும் இரண்டு சட்டங்களைச் சொல்லிவிடுகிறேன், கதையே அவற்றால்தான் நடந்தது. ஒன்று, தன் ஆளுக்குத் தெரியாத எதையும் வைத்து ஒருத்தி பிழைக்கக்கூடாது. ஜைத்தூன் காணாததை வஹீதா கண்டிருந்தாலும் அது செல்லாது. இன்னொன்று, வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு ஆட்டம் முடிகிற வரை ரேடியோ கிடையாது, பேப்பர் கிடையாது. அந்த உலகத்தில் ரேடியோ ஏது? இரண்டு நாள் செய்தி இல்லாமல் இருந்தால் மனசு தானாக அந்தப் பக்கம் போய்விடும் என்று வஹீதா சொன்னாள். அது உண்மையாகவும் இருந்தது.

அந்த ஜூன் மாதம் எங்கள் கதை இப்படிப் போயிற்று. பேராற்றின் வடகரையில் பஞ்சம். விதைநெல்லைக்கூடத் தின்று தீர்த்துவிட்ட ஜனங்கள். தென்கரையிலிருந்து விதைநெல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மந்திரவாதினிக்குக் கால் சுளுக்கு, வீரி அவளோடு தங்கிவிட்டாள். ஜைத்தூன் தனியாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தவிடும் மணலும் அடைத்தால் போதாது, விதைநெல் என்றால் விதைநெல்தான் என்று வஹீதா பிடிவாதம் பிடித்து மார்க்கெட்டிலிருந்து நிஜமான விதைநெல்லே வாங்கி நிரப்பினாள்.

சனிக்கிழமை மாலை ஓடத்துறைப் பக்கம் ஆற்றில் இறங்கினோம். பேருக்குத்தான் ஆறு. கண்ணுக்கெட்டின வரை மணல். நடுமணல் போய்ச் சேரும்போது வஹீதாவுக்கு மூச்சு வாங்கியது. அங்கே ஊற்றுக்குழி தோண்டினாள், ஆழத்தில் தெளிவாகத் தண்ணீர் கசிந்தது. நாலு கல்லை அடையாளத்துக்கு அடுக்கினாள். பிறகு குழி ஓரத்தில் படுத்து, ஒரு கையைக் குழிக்குள் தொங்கவிட்டாள். விரல் நுனி தண்ணீரைத் தொடவில்லை. மேற்கே சூரியன் இறங்க, பின்னால் மலைக்கோட்டை கறுத்து நின்றது. ஒரு பூத ராஜா அங்கே உட்கார்ந்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதையே ஆட்டத்தில் சொன்னாள்: "ஜைத்தூன் நடுமணல்ல படுத்துட்டா. கை ஊற்றுக்குழிக்குள்ள இருக்கு. ஏதாவது மிருகம் தண்ணி குடிக்க வந்தா தெரிஞ்சுடும்." என் வீட்டுக்காரர் தலையசைத்தார். ஆட்டம் அங்கேயே நின்றது. மீதி ஆற்றை அடுத்த சனிக்கிழமை நடப்பதாக முடிவு. அதுவரை ஜைத்தூன் தூங்குவாள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஸ்கூலுக்குப் போன டவுன் பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பாலத்தின் மேற்குப் பக்கச் சுவரில் ஜனம் ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்னாச்சுங்க?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டேன்.

"தண்ணி வருதுங்க! மேட்டூர் தொறந்தாச்சுல்ல? முக்கொம்பைத் தாண்டிடுச்சாம். உச்சிக்குள்ள இங்க வந்துடும். பேப்பர்ல போட்டிருந்தானே, சனிக்கிழமை?"

சனிக்கிழமைப் பேப்பர் எங்கள் வீட்டில் பருப்பு டப்பாவுக்கு அடியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஊரெல்லாம் தெரிந்த சேதி, எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரியவில்லை. நடுமணலில் ஜைத்தூன் தூங்கிக்கொண்டிருக்கிறாள். பேராறு என்றால் காவிரி. தண்ணீர் வந்தால் அவள் செத்தாள். அவள் செத்தால் வஹீதாவுக்கு இனி ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நடை கிடையாது. சின்னக்கடைத் தெருவும் ஆஸ்பத்திரியும் மட்டும்தான். இன்னாசிராஜுக்காவது காலேஜ் இருக்கிறது, இவளுக்கு என்ன இருக்கிறது? பஸ்ஸை விட்டு இறங்கி, எதிரே வந்த ஆட்டோவில் ஏறினேன்.

வஹீதா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுராயா பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சேதியைச் சொன்னேன். வஹீதா முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் ஆகல வஹீதா. தண்ணிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடிட்டான்னு அவர்கிட்ட சொல்லிக்கலாம். நான் சொல்றேன், அவர் கேட்பாரு" என்றேன்.

"அவ காதுல சத்தம் விழணும்னா நான்தானேக்கா அங்க இருந்து கேக்கணும்? நான் இங்க உக்காந்திருந்தா அவ அங்க செத்துடுவா."

"யாரு புள்ள செத்துடுவா?" என்றார் சுராயா.

"ஜைத்தூன், மாமி."

விளையாட்டாம், மண்ணாங்கட்டியாம் என்று ஒரு சத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். சுராயா வெற்றிலையைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"யா அல்லாஹ். நடு ஆத்துலல்ல படுத்திருக்கா அவ! இன்னும் ஏன் நிக்கிற? ஓடு!"

வாரா வாரம் ஞாயிறு ராத்திரி வஹீதா தன் மாமியாருக்குக் கதை முழுவதையும் ஒப்பித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆட்டோவில் மூட்டையை ஏற்றும்போது எனக்கே ஒரு சந்தேகம். "ஆட்டோ சட்டப்படி செல்லுமா?" என்றேன். "ஜைத்தூன் அங்கதான் இருக்கா. அங்க போய்ச் சேர வேண்டியது நாமதான். நமக்கு ஆட்டோ உண்டுக்கா" என்றாள் வஹீதா. அந்தப் பதற்றத்திலும் அவளுக்குச் சட்டம் பிசகவில்லை.

கரையில் நின்றவர்கள் போகாதீங்க, போகாதீங்க என்று கத்தினார்கள். நாங்கள் மணலில் ஓடினோம். நாலு கல் இருந்தது. குழி இருந்தது. வஹீதா மூட்டையை இறக்கி வைத்தாள். சனிக்கிழமை படுத்த அதே இடத்தில் அதே மாதிரி படுத்து, கையைக் குழிக்குள் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய், எழுந்திரு. வந்தாச்சு, தூக்கு மூட்டையை, கிளம்பு!"

"ஜைத்தூனுக்கு யாருக்கா சொன்னது தண்ணி வருதுன்னு? அவ தூங்குறா. அவளுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது."

"பைத்தியமா நீ? இது நிஜத் தண்ணி!"

"வீரி இங்க இல்ல. பேசாதீங்கக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை முடியைப் பிடித்து இழுத்திருப்பேன். இழுத்தால் ஜைத்தூன் செத்துவிடுவாள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிள்ளைகளை அதட்டியே பழகின எனக்கு, வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் இருந்ததில்லை.

முதலில் பறவைகள் வந்தன. கொக்கும் மைனாவும் தாழப் பறந்து மணலைக் கொத்திக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின. பிறகு மண் வாசனை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, ஆனால் மழைக்கு முன் வருகிற அதே வாசனை. அதற்கப்புறம்தான் அதைக் கண்டேன். மேற்கே, மணலின் குறுக்கே ஒரு கோடு. கோடு நகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளம் என்றால் பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். இது நடந்து வந்தது. நுரையையும் சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளமாக நின்று நிரப்பிவிட்டு, அவசரமே இல்லாமல் வந்தது. சூடான மண்சட்டியில் தண்ணீர் தெளித்தால் எழும் சத்தம் ஆற்றகலத்துக்கும் கேட்டது. அத்தனை மாதம் காய்ந்து கிடந்த மணல் குடித்துக்கொண்டிருந்தது. பூகோள டீச்சர் நான். எத்தனை வருஷம் காவிரியைப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்! ஒன்றுமே தெரியாமல் விளக்கியிருக்கிறேன் என்று தோன்றியது. பயத்தையும் மீறி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

குனிந்து குழியைப் பார்த்தேன். அந்தக் கோடு இன்னும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் குழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கலங்கல் இல்லை, குமிழி இல்லை. ஆறு மேலே வருவதற்கு முன்பே அடியில் வந்துவிட்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், தொங்கிக்கொண்டிருந்த விரல்களை நோக்கி மெள்ள மெள்ள உயர்ந்தது. நான் சேசுவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் நடுவிரலைத் தொட்டது.

வஹீதா கண்ணைத் திறந்தாள். கையை வெளியே எடுத்து, ஈர விரல்களைப் பார்த்தாள். பிறகு மேற்கே பார்த்தாள். நிஜமாகவே அப்போதுதான் தூங்கி விழித்தவளின் முகம் அது. "அல்லாஹ்!" என்றாள். எழுந்து மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே நடந்தாள்.

அம்மா மண்டபப் படித்துறைப் பக்கம்தான் ஆறு பள்ளம். அங்கே தண்ணீர் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. மணல் முடிந்த இடத்தில் இறங்கினோம். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், ஒரு இடத்தில் தொடை வரை. இழுப்பு இருந்தது. அவள் ஒரு தடவை தடுமாறினாள். என் இரண்டு கையும் மூட்டையைப் பிடிக்க எழுந்துவிட்டன. "தொடாதீங்க" என்றாள் திரும்பாமலே. கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். மூட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

படித்துறை முழுக்க ஜனம். முதல் தண்ணீரைப் பார்க்க வந்த ஜனம். குலவைச் சத்தம், கற்பூரம், பூ. ஸ்கூல் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த ரங்கநாயகி எங்களைக் கண்டுவிட்டாள். அவளுடைய மந்திரவாதினி தென்கரையில் கால் சுளுக்கிக் கிடக்கிறாளே, கூப்பிடக் கூடாதே! வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். புதுத் தண்ணீரோடு கூடவே, தலையில் மூட்டையும் நனைந்த வெள்ளைத் துப்பட்டியுமாக ஏறி வந்த பெண்ணைப் பார்த்துக் குலவை ஒரு கணம் நின்றுபோயிற்று. யாரும் வழிவிடச் சொல்லவில்லை, தானாக வழி உண்டாயிற்று.

மேல்படியில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தாள். காளியாயி என்று பேர், திருவானைக்காவலுக்கு அந்தப் பக்கம் குத்தகை நிலம் வைத்திருக்கிறவள் என்று பிறகு தெரிந்தது. "மூட்டையில என்ன தாயி?" என்றாள்.

"விதைநெல்" என்றாள் வஹீதா.

காளியாயி மூட்டை வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "மொதத் தண்ணியோட விதை வருது. நான் கேள்விப்பட்டதுகூட இல்ல, பார்த்துட்டேனே" என்று சொல்லி முந்தானையை விரித்துப் பிடித்தாள். ஜைத்தூன் எதற்காகப் பேராற்றைக் கடந்தாளோ அது கண்ணெதிரே நின்று கேட்டது. வஹீதா முழு மூட்டையையும் கொட்டிவிட்டாள். முந்தானை கொள்ளாமல் இன்னும் நாலு பேர் முந்தானையை விரித்தார்கள்.

"உன் பேரு என்ன தாயி?"

"ஜைத்தூன்."

அவள் பொய் சொன்னதாக எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது சுராயா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை. மருமகளின் ஈரப் புடவையை மேலும் கீழும் பார்த்தார்.

"கரையேறிட்டாளா?"

"ஏறிட்டா மாமி. நெல்லும் சேர்ந்துடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு வஹீதாவின் கால் விரல்களில் ஒட்டியிருந்த ஆற்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷமா இந்த ஊருல இருக்கேன் டீச்சர். மொதத் தண்ணி எப்படி வரும்னு நான் பார்த்ததில்ல" என்றார்.

சுராயா குனிந்து, வஹீதாவின் கையிலிருந்த காலி மூட்டையை வாங்கி உதறினார். நாலைந்து நெல் தரையில் உதிர்ந்தது.

"இதை நெறைச்சுக் கொண்டா புள்ள" என்றார். "என்னால தூக்க முடியுதான்னு பாக்குறேன்."